குடியேறிகளுக்கு நான் கொடுக்காத கசாயம்

ஸ்காபரோ பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரின் ஈரக் கம்பளிக் கோட்டு நாறியது. தொண்ணூறுகளில் எங்கள் பள்ளி மண்டபமும், பெற்றோரின் கோட்டுகளால், இப்படித்தான் நாறியது. அன்று எங்கள் வகுப்பு, இந்தக் கண்டத்தில் முதலில் குடியேறிய பிரெஞ்சுக்காரரைப் பற்றி நாடகம் போட்டது. பனிக்காலத்தில் ஈறு அழுகிச் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பூர்வகுடிகள் மரப்பட்டைக் கசாயம் கொடுத்துக் காப்பாற்றும் கதை. நாடகத்தின் பெயர் மட்டும் 'வீரர்கள்'.

டீச்சர் என் நிறத்தைப் பார்த்து, பூர்வகுடிப் பெண்ணாக நடிக்கச் சொல்லிக் கசாயக் கோப்பையை என்னிடம் தந்தார். வசனம் கிடையாது. மண்டியிட்டுப் பிரெஞ்சுத் தளபதியிடம் நீட்ட வேண்டும்.

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சாகக் கிடந்தவன் நிமிர்ந்து நிக்கிறான், காப்பாத்தினவள் முழங்காலில நிக்கிறதோ? உது என்ன கூத்தடி பிள்ளை?"

மேடையில் தளபதியாக நின்ற பையன் கம்பீரமாகக் கையை நீட்டினான். நான் மண்டியிடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடியே கோப்பையிலிருந்த ஆப்பிள் ஜூஸ் முழுவதையும் நானே குடித்தேன்.

"அவனிடம் கொடு!" என்று டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் சீறினார். கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. மண்டபத்தில் அப்பா ஒருவர்தான் கைதட்டினார்.

அடுத்த வருடம் என்னைத் திரை இழுக்க விட்டார்கள். பஸ்ஸில் இதை நினைத்துப் பார்த்தேன். அந்த வீரர்கள்மேல் இன்றைக்கும் இரக்கம் வரவில்லை.