அஜிலோங்கின் கொடியில் ஆமைவண்டு

அஜிலோங் ஒரு விஷயத்தைச் சரி என்று நினைத்துவிட்டால் அவளை அசைக்க ஆளில்லை. தவறு என்று நினைத்துவிட்டாலும் அப்படித்தான். அலோபாய் கிராமத்தில் இதற்காக அவளைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. ஆனால் மார்ச் பிறந்து முதல் மழைக்கு வானம் கறுத்ததும் அந்தக் கேலிக்காரர்கள் அத்தனை பேரும் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். நடுவதற்குச் சர்க்கரைவள்ளிக் கொடி அவளிடம்தான் இருந்தது.

அது அவளிடம் வந்து சேர்ந்தது ஒரு சண்டைக் கதை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் எத்தோரியின் இரண்டாம் மனைவியாக அவள் அங்கே வந்தாள். மூத்தவள் அகுதி நல்ல மேட்டு நிலத்தையெல்லாம் தனக்கு வைத்துக்கொண்டு, சதுப்பின் ஓரத்தில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு துண்டை இளையவளுக்குக் காட்டினாள். கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கும். கொசு ஆளையே தூக்கும். அஜிலோங் மண்வெட்டியோடு போய், மண்ணைக் குவித்துக் குவித்து மேடாக்கிக் கொடி நட்டாள். டிசம்பரில் மழை நின்றது. மேட்டு நிலத்துக் கொடியெல்லாம் சருகாகி, மிச்சத்தை ஆடு தின்றது. அவளுடைய துண்டு மட்டும் பச்சைப் பசேலென்று கிடந்தது. அந்த மார்ச்சில் கொடி கேட்டு முதல் ஆளாக வந்தவள் அகுதி.

"கேக்க வெக்கமாத்தான் இருக்கு" என்றாளாம்.

"இருக்கட்டும்" என்று சொல்லி அஜிலோங் ஒரு கட்டு அறுத்துக் கொடுத்தாளாம்.

எத்தோரி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு பெண்களும் இன்றைக்கும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள். நாளுக்கு இரண்டு சண்டையாவது உண்டு. ஆனால் ஒருத்தி சாப்பிடாமல் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள்.

கொடிக்கு அஜிலோங் காசு வாங்குவதில்லை. ஒரு கட்டு வாங்கியவள் ஒரு முற்பகல் வந்து அவளோடு மண் குவித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரிக்கு அதுவும் வேண்டாம். இப்படி வருடத்துக்கு ஒரு முறையாவது ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவளோடு சேற்றில் நின்றார்கள். அவளுக்கு வேறு பெருமை எதுவும் இருந்ததில்லை, இதைத் தவிர.

நான் சொல்லும் அந்த வருடத்தில் வெயில் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. சுற்றியிருந்த நான்கு ஊர்களிலும் பச்சை என்று பார்த்தால் அவளுடைய துண்டு ஒன்றுதான். மனிதர்களுக்குத் தெரிந்தது பூச்சிக்குத் தெரியாமல் போகுமா? ஆமைவண்டுகள் கூட்டமாக வந்து இறங்கின. இலையெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை.

ஆமைவண்டு சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். தலையும் காலும் ஓட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் வெறும் ஓடுதான். ஓட்டின் விளிம்பு கண்ணாடி. அதன் வழியாக இலையின் நரம்பு தெரியும். நடுவில் மட்டும் உருக்கி ஊற்றினாற்போல் பொன்னிறம். எறும்பு வந்தால் ஓட்டை இலையோடு அழுத்திக்கொண்டு படுத்துவிடும், நகத்தால் நெம்பினாலும் லேசில் வராது. அதன் புழுவோ இன்னும் விநோதம். உரித்த தோலையும் தன் கழிவையும் வால் நுனியில் சேர்த்து, முதுகுக்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு திரியும்.

"நம்ம ஊரு ஆம்பளைங்க மாதிரிதான்" என்பாள் அகுதி. "அழுக்கை முதுகுல தூக்கிக்கிட்டே அலையும், கழட்டிப் போடாது."

ஞாயிற்றுக்கிழமை அரியோகோத்தின் வீட்டில் அஜோன் பானையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கேழ்வரகுக் கள்ளை நீளக் குழல் போட்டு உறிஞ்சிக்கொண்டே ஊர்க்கதை பேசுவது வழக்கம். அரியோகோத் பெண்கள் குழுவின் தலைவி. குரல் பெரிது, மனசும் பெரிதுதான். ஆனால் போன வருடம் கூன்வண்டு அவளுடைய கிழங்கைத் துளைத்துப் போட்டிருந்தது. கசப்பேறின அந்தக் கிழங்கைப் பன்றிகூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அந்த பயம் அவளை விடவில்லை.

"மோசஸ் அம்மா, உன் தோட்டத்து இலை சல்லடையாக் கிடக்கு. அதை வாங்கி நட்டு இந்த வருசமும் நான் புழுவைத் தின்னணுமா?" என்றாள் அவள். மோசஸ், அஜிலோங்கின் தலைமகன்.

"அது இலை திங்கிற பூச்சி. கிழங்குக்குள்ள போறது வேற."

"நீ என்ன, பூச்சிக்கு வக்கீலா?"

பானையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். வருடா வருடம் அவள் கொடியை நட்டவர்கள்தான் அத்தனை பேரும். அஜிலோங் குழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். சிரித்ததைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அவளுடைய கொடியில் நோய் இருக்கிறது என்று நாலு பேர் நடுவில் சொன்னதை எப்படிப் பொறுப்பது?

பூச்சிப் பேச்சு காதுக்கு எட்டி, மறுநாள் விவசாய அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் எலுங்காத், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். மீசை சரியாக முளைக்கவில்லை, பொறுப்பு மட்டும் நிறைய முளைத்திருந்தது. கையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. அதில் ஊசி குத்திய பூச்சிகள் வரிசையாக இருந்தன. அவர் அஜிலோங்கின் இலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதோ இருக்கே ஐயா" என்று அவள் பெட்டிக்குள் இருந்த ஒரு வண்டைக் காட்டினாள். மங்கின பழுப்பில், காய்ந்த புகையிலைத் துணுக்கு மாதிரி இருந்தது அது.

"வடிவம் அதேதான். ஆனா இது பழுப்பு, உங்களோடது தங்கம். புத்தகத்துல இருக்கிற படமும் பழுப்புதான். பழுப்பு வண்டால பெரிய கேடு இல்லன்னும் போட்டிருக்கு. தங்கத்தைப் பத்தி ஒரு வரி இல்ல."

"செத்தா இதுவும் பழுப்பாயிரும். நான் எத்தனையோ பார்த்திருக்கேன்."

"செத்தா எதுதான் மங்காது? உங்க வண்டு பழுப்பாகும்னு நீங்க காட்டிரலாம்மா. அதனால பெட்டியில இருக்கிறது உயிரோட இருந்தப்ப தங்கமா இருந்துச்சுன்னு ஆகிருமா?" அவர் கோபமாகப் பேசவில்லை. "மக்காச்சோளத்துல படைப்புழு வந்தப்ப எங்கப்பா, பழைய புழுதான் பழைய புழுதான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு கதிர் மிஞ்சல. தெரியாத பூச்சியை நான் நாலு ஊருக்குக் கொடியோட அனுப்ப முடியாது."

வியாழக்கிழமை நண்பகலுக்குள் பெண்கள் குழு அந்தத் துண்டு முழுவதையும் வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அஜிலோங் வாதாடாமல் விட்டதை அகுதி அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள், பார்த்துப் பயந்துபோனாள்.

இரண்டு நாள் அஜிலோங் சரியாகச் சாப்பிடவில்லை. தோட்டத்துக்குப் போவாள், மேட்டின்மேல் உட்காருவாள், திரும்பி வருவாள். அந்த வேரெல்லாம் வெளியே வந்துவிட்டால் மறுபடி எதிலிருந்து தொடங்குவது? மழை வந்தால் ஊரே எதை நடும்? அதைவிட, இனி யார் அவளோடு சேற்றில் வந்து நிற்பார்கள்?

புதன்கிழமை பிற்பகல், சமைக்க வேறு எதுவும் இல்லாமல், அஜிலோங் வத்தல் கூடையின் அடியில் கிடந்ததைச் சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தாள். டிசம்பரில் சீவிப் பாறையில் உலர்த்திய கிழங்கு வத்தல் அது, அமுகேகே என்பார்கள். கூடவே சருகும் தூசியும் கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கழுவலாம் என்று குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சட்டியின் அடியில் ஒரு பொன் துளி.

எடுத்துப் பார்த்தாள். ஆமைவண்டு. செத்து மூன்று மாதமான வண்டு. கால் ஒன்றுகூட இல்லை, உள்ளே வெறும் கூடு. ஆனால் முதுகு மட்டும் இலையில் உட்கார்ந்திருப்பதுபோலப் பொன்னாக இருந்தது.

"உயிர் வந்திருச்சா?" என்று அகுதி இரண்டு அடி பின்னால் போனாள். "கீழ போடு, கீழ போடு. சூனியக்காரின்னும் சொல்லிருவாங்க."

அஜிலோங் கீழே போடவில்லை. வெயிலில் ஒரு கல்லின்மேல் வைத்தாள். காயக் காயப் பொன் வடிந்து, பொழுது சாய்வதற்குள் பழுப்பாகிவிட்டது. மறுபடி தண்ணீரில் போட்டாள். அடுப்பில் கிழங்கு வேகும் நேரத்துக்குள் மறுபடி பொன். அவள் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பிப் பத்து கிலோமீட்டர் நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தாள். எலுங்காத் இல்லை, வேறு ஊருக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு மேல்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உங்க வண்டு தண்ணியில தங்கமாகுதுன்னா, அது உங்க வண்டு. பெட்டியில இருக்கிறதும் அப்படி ஆகணுமே."

"அதுக்குத்தான் உங்க வண்டைக் கேக்குறேன்."

"இதையா? இது பயிற்சியில குடுத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்."

"என் தோட்டத்தை எரிக்கிறதுக்கு யாரு கையெழுத்துப் போட்டா ஐயா?"

எலுங்காத் பெட்டியைத் திறந்து, ஊசியைப் பொறுமையாக உருவி, தேநீர்க் கோப்பையில் தண்ணீர் ஊற்றி வண்டை அதில் விட்டார். அது மிதந்தது. அஜிலோங் விரலால் அழுத்தி முக்கினாள். இருவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கால் மணி, அரை மணி. ஒன்றும் நடக்கவில்லை. எத்தனை வருடம் காய்ந்த வண்டோ! பக்கத்து அறையில் தட்டச்சு செய்யும் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "செத்ததுக்கு நீச்சல் கத்துக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மணி பதினொன்றரை ஆனபோது வண்டின் நடுமுதுகில் லேசாக ஒரு மினுமினுப்பு. எலுங்காத் கோப்பையை வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். மினுமினுப்பு மெல்லப் பரவியது. அவர் தன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், அஜிலோங்கைப் பார்க்கத்தான் அவருக்குத் தெம்பு வரவில்லை.

"படம் எடுத்தவன் செத்ததைப் படம் எடுத்திருக்கான்" என்றார்.

உடனே அரியோகோத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே அஜிலோங் பின்னால் ஏறிக்கொள்ள, மோட்டார் சைக்கிள் கிளம்பியது. வழியெல்லாம் தண்ணீர் தளும்பி அவள் துணியை நனைத்தது. புகை தெரிகிறதா என்று சதுப்பின் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புகை தெரியவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தபோது பச்சையும் தெரியவில்லை. துண்டு முழுவதும் மொட்டையாகக் கிடந்தது, வெறும் மண்மேடுகள். அஜிலோங் கோப்பையை எலுங்காத்திடம் கொடுத்துவிட்டு முதல் மேட்டருகே போய் முழங்காலிட்டாள்.

குனிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மண்ணுக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கொடி சாய்வாக அறுக்கப்பட்டிருந்தது. வெட்டுவாயில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மேட்டைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். எல்லாம் அப்படியே. ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. இரண்டு மழை பெய்தால் அத்தனையும் துளிர்த்துவிடும்.

நாணல் மறைவில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பதினேழு பேர். ஒவ்வொருத்தி தலையிலும் ஈரப் புல் சுற்றிய ஒரு கட்டு. அரியோகோத்தின் கட்டுதான் எல்லாவற்றிலும் பெரிது. அகுதி கீழே உட்கார்ந்து கடைசிக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போன் எடுக்கலியே" என்றார் எலுங்காத்.

"ரெண்டு கையிலயும் கொடி ஐயா" என்றாள் அரியோகோத். "எரிக்கணும்னுதான் வந்தோம். தீப்பெட்டி யாரும் கொண்டாரல."

"எரிக்க வேணாம்னு சொல்லத்தான் நான் வந்தேன்."

"சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

அஜிலோங் எழுந்தாள். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஞாயித்துக்கிழமை என்னை வச்சு அத்தனை பேரும் சிரிச்சீங்க. நோய்க் கொடின்னு சொன்னவ நீதானே?"

"சொன்னேன். இப்பவும் எனக்கு பயமாத்தான் இருக்கு." அரியோகோத் கண்ணைத் தாழ்த்தவில்லை. "மண்வெட்டியை ஓங்கிட்டேன், மோசஸ் அம்மா. இறக்க வரல. அதான் வேரை விட்டுட்டு, கொடியை வீட்டுல ஒளிச்சு வைக்கலாம்னு அறுத்தோம். இத்தனை வருசம் எங்க வீட்டுல வெந்தது எல்லாம் உன் கையால வந்தது. வண்டு என்ன நெறமா இருந்தா எனக்கென்ன?"

எலுங்காத்தின் கையிலிருந்த கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அஜிலோங்கும் சொல்லவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அரியோகோத்தின் அருகே போனாள்.

"இவ்வளவு இறுக்கியா கட்டுவாங்க? கணுவெல்லாம் நசுங்கிரும். இறக்கு அதை."

அரியோகோத் கட்டை இறக்கினாள். அஜிலோங் சேற்றில் உட்கார்ந்து அதைப் பிரித்து மறுபடி கட்டத் தொடங்கினாள்.