வெயிலும் அமோனியாவும் நானும்

வத்தல் காயப்போடுகிறவர்களே, நெல் அவிக்கிறவர்களே, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிய உங்களுக்குத்தான் என் தொழிலின் அவஸ்தை புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் வீட்டுப் பிளான்களுக்கு அமோனியா பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மருந்து பூசிய மஞ்சள் தாளின்மேல் பிளானை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, மொட்டைமாடி வெயிலில் காட்டவேண்டும். வெயில் பட்ட இடம் வெளுத்துவிடும். கோடுகளின் நிழலில் மட்டும் மருந்து தங்கும். பிறகு தாளை அமோனியா ஆவியில் வைத்தால் அந்தக் கோடுகள் நீலமாக எழும்.

எண்ணிப் பார்த்தவர்

மெட்ராஸிலிருந்து வந்த புதுத் தாள்கட்டை வாங்க லாரி ஆபீசுக்குப் போனேன். வெளிச்சம் படாமல் சுற்றியிருந்த கறுப்புக் காகிதம் ஒரு மூலையில். தாள்களெல்லாம் வாசல் வெயிலில் வரிசையாக, வெள்ளை வெளேரென்று. ஒன்றில்கூட மஞ்சள் மிச்சமில்லை. ஆபீஸ்காரர் பெருமையாகச் சொன்னார்: "ஒண்ணுகூடக் கொறையலைங்க, பிரிச்சு எண்ணிட்டேன். லேசா ஈரவாடை அடிச்சுச்சு, அதான் காயவும் வச்சிருக்கேன்!"

நீல இலை

இலுப்பூர் ஜவுளிக்கடை ராவுத்தர் வீட்டுப் பிளானை வெயிலில் வைத்திருந்தபோது கண்ணாடிமேல் ஒரு வேப்பிலை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. ஆவியிலிருந்து எடுத்தால், வாசற்படிக்கு நேரே நீலமாக ஒரு வேப்பிலை! வேறு தாள் போட்டுத் தருகிறேன் என்று மென்று விழுங்கினேன். அவர் தாளை விடவே இல்லை. "வேணாந்தம்பி! வாசல்ல வேப்பமரம் நிக்கிறதை நான் சொல்லவே இல்லையே, எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?"

பத்து நிமிஷ வெயில்

ஆலங்குடிப் பக்கத்து விவசாயி கருப்பையாவும் மனைவி மீனாட்சியும் வந்த அன்று ஒரே மூடாக்கு. அவர்கள் கீற்று வீடு தீப்பிடித்து, இரண்டு வருஷமாக மாட்டுக் கொட்டகையில் குடியிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பிளானை வீட்டுக்கடன் ஆபீசில் கொடுத்தால் பணம் வந்து மழைக்கு முன்னால் சுவர் எழும்பும். தவறினால் அந்த மழையும் கொட்டகையில்தான்.

"அங்கிட்டு வெளுக்குதுங்க," என்று கருப்பையா மேற்கே கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு மேகம் விலகியது. மூவரும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினோம். பத்தே நிமிஷம், திரும்பவும் இருட்டிவிட்டது. தாளை அவசரமாக ஆவியில் வைத்தேன்.

அடுப்படி, கூடம், இரண்டு ஜன்னல் என்று கோடு கோடாக நீலம் ஏறியது. மீனாட்சியின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "அமோனியா நெடிம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றேன்.

"நெடிக்கு வந்தது இல்லண்ணே," என்று சிரித்தார், "எங்க வீட்டுக்கு ஜன்னல் வந்துருச்சு!"

வெயில் தாங்கவில்லை என்று ஊரே புலம்பிய புதுக்கோட்டைச் சீமையில், வெயில் போதவில்லை என்று புலம்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.