ஜசிந்தாவின் இடது தோள்

ஜசிந்தாவுக்கு நாற்பத்தேழு வயது. ஜேர்மனியில், கொலோனுக்குக் கிழக்கே, மேடும் காடுமாகக் கிடக்கும் ஒரு சிறிய ஊரில் இறைச்சிக் கடையில் வேலை செய்கிறாள். என் வீட்டுக்கு மேல்மாடியில் கணவன் யூட்டுடன் குடியிருக்கிறாள். ஏழு வயதில் யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து தாயோடு வந்தவள். பதினேழு வயதில் அலுவலக வேலை பழகுவதற்கு அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் திரும்பி வந்தன. இறைச்சி வெட்டும் தொழிலுக்கு மட்டும் பழக ஆள் கிடைக்காமல் ஒரு கடைக்காரர் தேடிக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்தாள். முப்பது வருடமாகிறது, இன்னும் அந்தக் கடைதான்.

இலையுதிர்காலத்தில் அந்தக் கடைக்கு வேட்டைக்காரர்கள் காட்டுப்பன்றி கொண்டுவருவார்கள். நெஞ்சில் சுத்தமாக ஒரே வெடி பட்ட பன்றியின் இறைச்சி எப்படி இருக்கும், வயிற்றில் பட்டு ஒரு மணித்தியாலம் ஓடிச் செத்த பன்றியின் இறைச்சி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது வகையைக் கழுவிக் கழுவி அலுத்துப்போய்த்தான் வேட்டை அனுமதிக்குப் படித்தாள். முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை சித்தியடைந்தாள். லோமான் என்பவர் குத்தகைக்கு எடுத்திருக்கும் காட்டில், அவருடைய குழுவில் பன்னிரண்டு வருடமாக வேட்டைக்குப் போகிறாள். இருபத்துநான்கு பேரில் பெண்கள் மூவர். தமிழர் அவள் ஒருத்திதான்.

கோவிலில் ஒருவர் அவளைச் சீண்டியது நினைவிருக்கிறது. "என்ன பிள்ளை, அங்கை துவக்குக்குப் பயந்து ஓடிவந்திட்டு இஞ்சை துவக்கோட திரியிறாய்?"

"அங்கை துவக்கு மற்றாக்களின்ரை கையில எல்லோ இருந்தது, அண்ணை. உங்களுக்கு எத்தினை கிலோ போட?"

அவர் மூன்று கிலோ வாங்கிப்போனார்.

போன வருடம் மார்ச் மாதம் அவளுடைய வலது கண்ணின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மறைப்பு வந்தது. கண்ணாடி அழுக்கு என்று இரண்டு நாள் துடைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். நான் முதியோர் பராமரிப்பில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவள். காத்திருக்கக்கூடாதது எது என்று தெரியும். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விழித்திரையில் ஒரு இரத்தக் குழாய் அடைத்துவிட்டது. மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள். ஊசி போட்ட நாளில் அவளால் கார் ஓட்ட முடியாது, ஆகவே ஒவ்வொரு முறையும் நான்தான் ஓட்டினேன். ஓரப்பார்வை மங்கலாக மிஞ்சியது. நடுப்பார்வை வரவில்லை. இடது கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

விஷயம் யூட்டுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி."

"லோமானுக்கு?"

"அவருக்குத்தான் முதல் சொல்லக்கூடாது."

எங்கள் ஆட்கள் நோய் வருத்தத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். புற்றுநோயை வயிற்றுக் கோளாறு என்பார்கள். தகப்பனுக்கு மறதி நோய் என்பதைச் சொந்தத் தம்பிக்கே மறைத்த பிள்ளைகளை என் வார்டில் கண்டிருக்கிறேன். ஜசிந்தா இந்த நாட்டில் வளர்ந்தவள், ஜேர்மன் மொழியில் கனவு காண்பவள். ஆனால் வருத்தம் என்று வந்ததும் பாசையூர்க்காரியாகிவிட்டாள். கண் போனவள் என்ற பேச்சு எழும்பினால் குழுவில் இடம் போகும், அனுமதிப் பத்திரத்தையும் கிளறுவார்கள் என்று பயந்தாள். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. கடையில் அவள் வேலையாள். அந்தக் காட்டில்தான் இருபத்துநான்கில் ஒருத்தி.

துவக்கு வலது தோளில் இருந்தால் இடது கண் அதன் மேலிருக்கும் குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு எட்டாது. தோளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. யாருக்கும் தெரியாமல் மாற்றுவது என்று முடிவெடுத்தாள்.

ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு காலையும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தோட்டா இல்லாத துவக்கை முப்பது தடவை இடது தோளுக்குத் தூக்கினாள். முதல் கிழமை கன்னம் எங்கே படவேண்டும் என்றே தெரியவில்லை. இடது கையின் விரல் விசையைத் தேடித் தடவியது. எந்தக் கண்ணை மூடுவது என்பதிலும் குழப்பம். தோட்டா மாற்றும் கைபிடி துவக்கின் வலது பக்கத்தில் இருப்பதால், ஒவ்வொரு வெடிக்கும் கையை மேலால் வளைத்து இழுக்கவேண்டும். பல் தீட்டுவது, கதவுக்குத் திறப்புப் போடுவது, தேநீர் கலக்குவது எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினாள்.

"சோத்தையும் மாத்தன்" என்றேன்.

"சோத்தை விடுங்கோ அன்ரி. அம்மா கனவில வந்து அடிப்பா."

மே மாதம் சுடுபயிற்சி நிலையத்தில் முதல் வெடி. ஸ்கோப்பை நெருங்கிப் பார்த்ததால் அது உதைத்து இடது புருவத்தைப் பிளந்தது. நான் ஒட்டுப்போட்டுவிட்டேன். கடையில் குளிரறைக் கதவு அடித்தது என்றாள். இப்படி ஒரு பொய்க்கு இன்னொரு பொய் தேவைப்பட்டது.

ஆட்களும் நாய்களும் பன்றிகளைக் கலைத்துவிட, மற்றவர்கள் பரண்களில் காத்திருந்து சுடுவது கலைப்பு வேட்டை. அதற்கு முன் ஓடும் பன்றியைச் சுட்டுக் காட்டி ஒரு சான்று எடுக்கவேண்டும். காகிதப் பன்றி தண்டவாளத்தில் ஓடும். மேயில் ஐந்து வெடியில் ஒன்றும் படவில்லை. ஜூலையில் இரண்டு, இரண்டும் காலில். செப்டெம்பரில் ஐந்தில் நான்கு, நெஞ்சில். சான்றில் முத்திரை விழுந்தது. எந்தத் தோளிலிருந்து சுட்டாள் என்று அதில் யாரும் கேட்கவில்லை.

ஒரு குறை மிஞ்சியது. ஸ்கோப்பினுள் ஒரு கண் பார்க்கும்போது மற்றக் கண் திறந்திருந்து சுற்றாடலைப் பார்க்கவேண்டும். அவளுக்கு அந்த மற்றக் கண்தான் பழுது, மிஞ்சிய மங்கல் அதற்குப் போதாது. ஸ்கோப்புக்குள் போய்விட்டால் வலது பக்கம் அவளுக்கு இல்லை.

"நீங்கள் பரணில எனக்கு வலப்பக்கம் இருங்கோ" என்றாள். "சுடக்கூடாத எல்லைக்கு ஒரு அடையாளம் காட்டுவினம், அனேகமா ஒரு மரம். குழல் அதுக்குக் கிட்டப் போனால் 'மரம்' எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ."

"லோமானிட்டைச் சொல்லிப்போட்டுப் போ."

"இந்த ஒருக்கா முடியட்டும் அன்ரி."

நான் வற்புறுத்தவில்லை. அது என் பிழை.

நவம்பர், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. காட்டு வாசலில் எல்லோரும் செம்மஞ்சள் மேலங்கியோடு நின்றார்கள். லோமான் எழுபதை நெருங்கும் மனிதர், குரலை உயர்த்தாமலே கேட்கவைப்பவர். விதிகளை வாசித்துவிட்டு இலக்கம் போட்ட அட்டைகளைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"பதினொன்று உனக்கு, ஜசிந்தா. நீ வலது தோளில் சுடுபவள், இடப்பக்கம் நன்றாகத் திரும்புவாய். பன்றிகள் பின்னால் சின்ன ஊசியிலை மரங்களுக்குள்ளிருந்து வந்து உனக்கு இடப்பக்கமாகத்தான் போகும்."

ஆளுக்கு ஏற்ற பரணை அவர் யோசித்துக் கொடுத்திருந்தார். அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றாள். சொல்வதற்கு அதுதான் நேரம். அடுத்தவருக்கு அட்டை கொடுக்க அவர் நகர்ந்துவிட்டார்.

பதினோராம் பரண் ஆள் உயர மரத்தட்டு. இரண்டு பேர் நெருங்கி இருக்கலாம். வழிகாட்டி இடப்புற எல்லையாக ஒரு வெள்ளைப்பட்டை மரத்தைக் காட்டினார். வலப்புற எல்லை சிவப்பு வெள்ளை நாடா சுற்றிய தேவதாரு. அதற்கு அப்பால் முட்பற்றை, அதன் பின்னால் பன்னிரண்டாம் பரண். அந்த நாடாவுக்கு வலப்பக்கம் குழல் போகவே கூடாது. அவர் போனதும் அவள் துவக்கைத் தூக்கி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இடது தோளில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்ப இடுப்பு விடவில்லை. பாதி வழியில் நின்றது. வலப்பக்கம் எண்ணெய் போட்ட கதவுபோலத் திரும்பியது.

"பிழையான பரண்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கொம்பு ஊதினார்கள். தோட்டா போட்டாள். தூரத்தில் கலைக்கிற ஆட்களின் கூச்சல், நாய்களின் குரைப்பு. முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. இரண்டு மான் வந்தன, விட்டாள். குளிரில் என் முழங்கால் மரத்துப்போனது. நான் நாடாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பன்றி லோமான் சொன்ன பக்கத்தால் வரவில்லை. இடப்பக்கத்திலிருந்து வந்தது. தனியே ஒரு இளம் பன்றி, நாற்பது கிலோ இருக்கும், சரியாகச் சுடவேண்டிய உருப்படி. நேரே எங்கள் முன்னால் குறுக்காக வலப்பக்கம் ஓடியது. அவளுடைய கை முதலில் வலது தோளுக்குத்தான் போனது. எட்டு மாதப் பழக்கம் அந்த ஒரு விநாடியில் காணாமல் போயிற்று. பக்கவாதம் வந்தவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். புதிய கை எவ்வளவு பழகினாலும் அவசரத்தில் பழைய கைதான் பாயும். அவள் துவக்கை இறக்கி இடது தோளுக்கு மாற்றினாள். அதற்குள் பன்றி பாதி தூரம் கடந்துவிட்டது.

துவக்கின் பாதுகாப்புப் பூட்டுத் திறந்த சத்தம் கேட்டது. குழல் பன்றியோடு ஓடியது. வலப்பக்கம், வலப்பக்கம், கொஞ்சமும் தடக்கவில்லை. விரல் விசைக்குள் போனது. பன்றி தேவதாருவுக்கு இரண்டு மீற்றர் முன்னால். ஒரு மீற்றர்.

"மரம்."

குழல் நிற்கவில்லை. அவளுடைய கவனம் முழுவதும் பன்றிக்குள் போய்விட்டது.

"மரம்!"

குழல் வானத்துக்கு எழும்பியது. வெடி விழவில்லை. பன்றி நாடாவைத் தாண்டி முட்பற்றைக்குள் போனது. நான் மூச்சு விடுவதற்குள் அதே பற்றைக்குள்ளிருந்து ஒரு செம்மஞ்சள் மேலங்கி குனிந்தபடி வெளியே வந்தது. கலைக்கிற பெண்களில் ஒருத்தி, கையில் நாய்க்கயிறு. எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடந்தாள்.

ஜசிந்தா பூட்டை மூடினாள். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டாள். ஒன்று தவறிக் கீழே விழுந்தது.

"நான் அவளைக் காணேல்லை அன்ரி."

"ஓம். நானும் காணேல்லை. மரத்தைத்தான் கண்டனான்."

வேட்டை முடிய இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அவள் திரும்பத் தோட்டா போடவில்லை. அதன் பிறகு இரண்டு தடவை பன்றிகள் வந்தன, லோமான் சொன்னபடியே பின்னாலிருந்து இடப்பக்கமாக. துவக்கு மடியில் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவுக் கொம்புக்குப் பிறகு எல்லோரும் காட்டு வாசலில் கூடினோம். பன்னிரண்டாம் பரண்காரர் சிரித்துக்கொண்டு வந்து ஜசிந்தாவின் முதுகில் தட்டினார்.

"லோமான், இவளுக்குப் பருந்துக் கண்! பன்றி நெஞ்சைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது, இவள் சுடவில்லை. பற்றைக்குள் டீனா நின்றது எனக்கே தெரியாது. இவள் கண்டுவிட்டாள்."

லோமான் தலையசைத்தார். இரண்டொருவர் கைதட்டினார்கள். பேசாமல் நின்றிருந்தால் போதும், அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுடைய பெயர் நல்ல பெயராக இருந்திருக்கும். அவள் முகம் கறுத்தது.

"நான் காணவில்லை" என்றாள் ஜேர்மன் மொழியில். "மார்ச் மாதத்திலிருந்து வலது கண் பழுது. இடது தோளிலிருந்துதான் சுடுகிறேன். என்னை நிறுத்தியது இவர்."

பன்னிரண்டாம் பரண்காரர் தட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"மார்ச்" என்றார் லோமான். "காலையில் நான் உனக்கு என்ன சொல்லி அட்டை தந்தேன்?"

"வலது தோள் என்று."

"நீ என்ன சொன்னாய்?"

"சரி என்றேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அவர் எனக்கு வேறொன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அட்டையைத் தா" என்றார் அவளிடம். வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஒரு கண்ணோடு சுடுகிறவர்கள் என் குழுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், ஆகவே அவர்களை எங்கே இருத்துவது என்றும் தெரியும். நீ டீனாவை என் பரணிலிருந்து சுட இருந்தாய். இந்தப் பருவம் முடியும்வரை நீ துவக்கோடு வரவேண்டாம். கலைக்கிற ஆட்களோடு நட. மேயில் சுடுபயிற்சி நிலையத்துக்கு வா, டொக்டரின் கடிதத்தோடு. நான் உன் வலப்பக்கம் நிற்பேன். அதற்குப் பிறகு பார்ப்போம்."

"சரி" என்றாள்.

"பதினாறு பன்றி கிடக்கிறது. கத்தி கொண்டுவந்தாயா?"

கொண்டுவந்திருந்தாள். கையுறையைப் போட்டுக்கொண்டு போனாள். முதல் பன்றியைத் திறக்கும்வரை யாரும் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாவதில் டீனா வந்து காலைப் பிடித்துக் கொடுத்தாள். நான் தண்ணீர் சுமந்தேன்.

அந்தக் குளிர்காலம் அவள் ஐந்து வேட்டைக்குக் கலைக்கிற ஆட்களோடு நடந்தாள். முள் கிழித்த கையோடு கோவிலுக்கு வந்தாள். என்ன பிள்ளை, துவக்கு எங்கை என்று கேட்டவர்களிடம், "வலது கண்ணில அடைப்பு, அண்ணை. ஊசி போடுறன்" என்று நேராகச் சொன்னாள். கேட்டவர்கள்தான் அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள்.

மேயில் லோமான் அவளுக்கு வலப்பக்கம், அவளுடைய பார்வை எட்டாத இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்தில் நான்கு பட்டது. "இன்னொரு தடவை" என்றார். ஐந்தில் மூன்று. "இன்னொரு தடவை." தோள் நோகத் தொடங்கியிருந்தது, எனக்குத் தெரிந்தது. அவள் இடது கையைத் துவக்குக்கு மேலால் வளைத்துக் கைபிடியை இழுத்தாள். மூன்றாம் தடவை அவர் பக்கத்திலிருந்து "நில்" என்று மெதுவாகச் சொன்னார், பன்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே. குழல் அந்தச் சொல்லோடு எழும்பியது.

"ஒக்டோபரில் மூன்றாம் பரண்" என்றார். "அங்கே வலப்பக்கம் மலைச்சரிவு. ஆள் யாரும் நிற்க முடியாது."