தட்டின் மேல் பேசக்கூடாது

இதயத்துக்குச் சாப்பாடு போடுவதுதான் அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டுகளில் வளரும் இதயச் செல்களுக்குப் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விடுவாள். திறந்த தட்டின் மேல் பேசக்கூடாது. மூச்சில் கிருமி போனால் எல்லாம் பாழ். அதனால் பகல் முழுக்க வாய்க்குப் பூட்டு.

நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் முதலில் தம் இஷ்டத்துக்குத் துடிக்கும். பிறகு ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். ஒருநாள் தட்டு முழுக்க ஒரே துடிப்பு. பார்க்கப் பார்க்க, தானும் கரைந்து அந்தத் திரவத்தில் மிதப்பது போலிருக்கும்.

"மேடம், இதுங்க பேசிக்குதா?" என்று கூடத்தை நடத்தும் பேராசிரியையிடம் ஒருமுறை கேட்டாள்.

"பேச்சாவது! ஒட்டிக்கிட்டா மின்சாரம் பாயும், சேர்ந்து துடிக்கும். புத்தியெல்லாம் கிடையாதுன்னுதான் பாடம் எடுக்கிறேன்." மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சில நாள் எனக்கே சந்தேகம்தான்."

அவளுக்கு அது வெறும் பாடமல்ல. மூளையில் ரத்தம் கசிந்து படுத்த கணவனுக்குப் பேச்சு போய்விட்டது. கையைப் பிடித்தால் விரல்கள் மட்டும் இறுக்கும். "அது தானா மூடிக்கிறதும்மா. பச்சைக் குழந்தை விரலைப் பிடிக்கலையா?" என்றுவிட்டார் டாக்டர். உள்ளே அவன் இருக்கிறானா, இல்லையா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

மாலையில் கை கழுவி, ஸ்பிரிட் தடவி, கட்டிலருகே மூச்சை அடக்கி உட்காருவாள். அவள் அழுத்துவாள், விரல்கள் அழுத்தும். ஜன்னல் வெயில் போர்வையின் மேல் ஊர்ந்து போகும்.

பார்க்க வந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணி, எங்க அண்ணன் தட்டுல வளர்ற செல்லா? படுத்ததிலேருந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா? வாயைத் திறங்க!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான்; வேலைப் பழக்கம் வீடுவரை கூடவே வந்திருக்கிறது. என்ன பேசுவதென்று தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"உங்க பைக் தூசி பிடிச்சுக் கிடக்குது. வித்துடலாமா?"

விரல்கள் இறுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தன. பிறகு மெல்ல அவள் பிடியிலிருந்து நழுவிப் போர்வைக்குள் போயின. முகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"பாத்தீங்களா கோபத்தை!" நாத்தனாரின் குரல் உடைந்தது.

"விக்கலைங்க, விக்கலை. சும்மா சொன்னேன்." சிரிப்பும் அழுகையும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன. போர்வையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, இன்னும் என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தாள்.

அவன் கை வருகிற வழியைக் காணோம்.