கொண்டியில் கட்டியிருந்த காவித் துண்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிற ரகம். இத்தனைக்கும் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அங்கே இந்த மாதிரிக் கதைக்குப் பஞ்சமே கிடையாது. பதினோராம் நம்பர் காட்டில் வெள்ளைக்கார துரை குதிரையில் போவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், நான் மட்டும் அதே காட்டில் அத்தனை வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளியும் ஒரு குதிரை வாலைக்கூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போங்கள், எனக்கு வருத்தமில்லை.

எல்லாம் என் விரலில் ஆரம்பித்தது. மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து கிள்ளிய கை, வயது ஏற ஏற மடங்க மாட்டேன் என்றுவிட்டது. காலையில் எழுந்தால் சேலைக் கொசுவம் வைக்க முடியாது, பின் குத்த முடியாது, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஜாக்கெட் கொக்கி மாட்டச் சொன்னால் அவர் படுகிற பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருக்கும். வண்டிப்பெரியார் டாக்டர், குளிரில் நிற்காதீர்கள், நல்ல சூடு கொடுங்கள் என்றார். ஏலப்பாறையில் குடியிருந்துகொண்டு குளிரில் நிற்காமல் வேறெங்கே போய் நிற்பது?

அப்போது எஸ்டேட் ஃபாக்டரி மூடிச் சில வருஷம் ஆகியிருந்தது. ரோட்டுக்குக் கீழே ஒரு சின்ன வீடு கட்டி, இரண்டு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தோம். அப்படித் தங்க வந்த எறணாகுளத்துக்காரர் ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்த்தவர், என் கையைப் பார்த்துவிட்டு சவுனாவைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே பலகை அடித்த ஒரு சின்ன அறை, மூலையில் கரண்ட் அடுப்பு, அதன்மேல் கல், கல் சூடேறியதும் உள்ளே போய் உட்கார்ந்து வேர்க்க வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் முருகேசன் தேயிலை ஃபாக்டரியில் காலமெல்லாம் கொழுந்தைச் சூட்டில் உலர்த்தும் டிரையரில் வேலை பார்த்தவர், இதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இம்புட்டுத்தானா? கொழுந்துக்குப் பதிலா ஆளப் போடுற டிரையரு. நானே கட்டிருவேன் செல்வி."

கட்டினார். அடுக்களைக்குப் பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தோம். சுவரில் சூடு தாங்கும் பஞ்சு வைத்து, அதன்மேல் வெள்ளித்தாள் ஒட்டி, அதன்மேல் பலகை. கீழே காற்று உள்ளே வர ஒரு துளை, எதிர்ச் சுவரில் மேலே வெளியே போக ஒரு துளை. உட்கார இரண்டு படி, மேல்படியில் சூடு அதிகம், கீழ்ப்படியில் குறைவு. ஆணித்தலை வெளியே தெரியக்கூடாது, தொடையைச் சுட்டுவிடும். பாலிஷ் அடிக்கக்கூடாது, சூட்டில் நாற்றம் கிளம்பும். சுவிட்ச் வெளியேதான் இருக்க வேண்டும். அடுப்பு விற்ற கொச்சிக்காரர் ஃபோனில் சொல்லச் சொல்ல இவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார், இரண்டு விஷயத்தில் மட்டும் தன் இஷ்டத்துக்குச் செய்தார்.

ஒன்று பலகை. வெளிநாட்டு மரம் வாங்கச் சொன்னார்கள். இவரோ இடித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய ஃபாக்டரியில், கொழுந்தை வாடப் போடும் மாடியிலிருந்து கழற்றிய ஆஞ்சிலிப் பலகைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷம் சூடு தின்ற மரம், இனிமேல் வளையாது என்றார். அது சரிதான்.

இன்னொன்று கதவு. சவுனாக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அதில் தாழ்ப்பாளே கூடாது, உள்ளே இருப்பவர் தள்ளினால் திறந்துவிட வேண்டும் என்று கொச்சிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்.

"டிரையர்லயே கெடந்தவன்ட்ட கதவப் பத்திப் பாடம் எடுக்கான் பாரு. ஆடிக் காத்துல கொண்டி இல்லாத கதவு நிக்குமா? சூடு பூராம் வெளிய போயிரும்."

பலகையோடு சேர்த்து டிரையர் அறைக் கதவிலிருந்த இரும்புக் கொண்டியையும் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். மேலே தூக்கிக் கட்டி வைத்தால் நிற்கும், விட்டால் தானாகவே விழுந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அதை வெளிப்பக்கமாக அடித்தார். ஆபத்து வராது என்று நம்பினார், ஏனென்றால் டிரையர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சுத்தம் செய்ய யாராவது உள்ளே இறங்கினால், கொண்டியைத் தூக்கித் தன் தலைத்துண்டை அதில் கட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், கொண்டியும் விழாது. இவரும் இவருடைய ஷிஃப்ட் ஜோடி தங்கப்பழம் அண்ணாச்சியும் கடைசிவரை அப்படித்தான் வேலை செய்தார்கள். அண்ணாச்சிக்கு ரோலர் மிஷினில் வலது கை விரல் போய்விட்டது, ஒற்றைக் கையால் எல்லா வேலையும் செய்வார். தேயிலைத் தூசியில் நெஞ்சு கெட்டு எப்போதும் இருமல். ஃபாக்டரி மூடியதும் சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போனார், அங்கேயே இறந்துபோனார். துண்டு கட்டுகிற பழக்கம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

முதல் நாள் சூடேற்றியபோது பலகையிலிருந்து வாடின கொழுந்து வாசனை கிளம்பியது பாருங்கள், இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து மோந்துகொண்டே இருந்தோம். கொஞ்ச நாளில் என் விரல் அசையத் தொடங்கியது. முழுதாக மடங்கவில்லை, ஆனால் டம்ளரைப் பிடிக்க முடிந்தது. எனக்குச் சாமி கண் திறந்த மாதிரி இருந்தது.

அன்று ஆடி மழை. தங்க ஆள் யாருமில்லை. இவர் கேஸ் சிலிண்டர் எடுக்க வண்டிப்பெரியார் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கை வலி தாங்காமல் நான் வாசல் கதவை உள்ளே பூட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டுச் சூடேறியதும் சவுனாவுக்குள் போனேன். துண்டைக் கட்டினேன், கட்டாமல் போகவில்லை. ஆனால் எப்போதும் இவர்தான் கட்டிவிடுவார். அன்று என் மடங்காத விரலால் நானே கட்டினேன், அந்த முடிச்சு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கொஞ்ச நேரம்தான் இருந்திருப்பேன். காற்று ஒரு தரம் கதவை உலுக்கியது, வெளியே 'ணங்' என்று ஒரு சத்தம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து தள்ளினேன், அசையவில்லை. தோளால் இடித்தேன், கல்லில் தண்ணீர் ஊற்றும் மரக்கரண்டியால் அடித்தேன், கரண்டிதான் உடைந்தது. ஃபோன் அடுக்களையில். தகரக் கூரையில் மழை கொட்டுகிற கொட்டில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. தினமும் நாலு தரம் கரண்ட் போகிற ஊர், அன்று பார்த்துப் போகவே இல்லை.

முதலில் இவரைத்தான் திட்டினேன், சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். பிறகு திட்டவும் மூச்சில்லை. கீழே காற்று வருகிற துளைக்கு நேராக மூக்கை வைத்துத் தரையில் படுத்துக்கொண்டேன். வேர்வை நின்றுவிட்டது, தோல் காய்ந்தது, கண் இருட்டியது. விரலைச் சரிபண்ண வந்து உயிரை விடப்போகிறேனே, இவர் சிலிண்டரோடு வந்து பூட்டின வாசலைத் தட்டிக்கொண்டு நிற்பாரே என்று நினைத்ததும் அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை.

அப்போதுதான் வெளியே யாரோ இருமினார்கள்.

நல்ல நெஞ்சு இருமல், இழுத்து இழுத்து. கனவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மழையிலும் கதவுக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அடுத்து 'ணங்'. கதவு ஒரு விரற்கடை திறந்தது, குளிர்ந்த காற்று என் முகத்தில் அடித்தது. நான் ஊர்ந்து வெளியே வந்து, சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்து அப்படியே கிடந்தேன்.

தெளிந்து பார்த்தால் யாருமில்லை. வாசல் கதவு நான் பூட்டினபடியே. தரையில் ஒரு ஈரச் சுவடு கிடையாது. என்னுடைய நீலத் துண்டு அவிழ்ந்து கீழே கிடந்தது. கொண்டி மேலே தூக்கியிருந்தது, அது மறுபடி விழாதபடி வேறொரு துண்டு அதில் இறுக்கிக் கட்டியிருந்தது. சாயம் போன காவித் துண்டு. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது.

இவர் வந்து தட்டியதும் எப்படியோ எழுந்துபோய்த் திறந்தேன், நடந்ததைச் சொன்னேன். சூட்டில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார், கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நேரே கதவிடம் போனார். துண்டைத் தொட்டார். முடிச்சைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செல்வி, இங்க வந்து பாரு. இந்த நுனிய."

துண்டின் ஒரு நுனி நனைந்திருந்தது, அதில் பல் பதிந்திருந்தது.

"ஒத்தக் கையில துண்ட வச்சிக்கிட்டு, மறுநுனியப் பல்லால கடிச்சு இழுத்துக் கட்டுவாரு அண்ணாச்சி. இந்த முடிச்சு வேற எவனுக்கும் வராதுடி."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மழை விடுவதற்குள் சுத்தியலை எடுத்துவந்து கொண்டியைப் பெயர்த்து எறிந்தார், ஆணி ஓட்டையை அடைத்தார், உள்ளிருந்து ஒரு தள்ளுத் தள்ளினால் திறக்கிற மாதிரி கதவை மாற்றினார். கொச்சிக்காரருக்கு ஃபோன் போட்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்றும் சொன்னார், எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். காவித் துண்டை ஒரே ஒரு தடவை துவைத்தேன், தண்ணீர் தேயிலைச் சாயமாக இறங்கியது. அதற்குப் பிறகு துவைக்கவில்லை, மடித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏன் எங்களுக்கு என்றுதான் இன்னும் புரியவில்லை. அண்ணாச்சிக்கு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பொங்கலுக்கு ஒரு வேளைச் சோறு, ஷிஃப்ட் முடிந்து வந்தால் பால் விடாத ஒரு கட்டன் சாயா, அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடனை எங்கே போய்ச் சொல்வது? என் விரல் இப்போது மடங்குகிறது, முடிச்சுப் போட வருகிறது, இந்த டீயை உங்களுக்கு ஆற்றித் தந்ததும் இந்தக் கைதான். வெள்ளிக்கிழமை சவுனாக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் கட்டன் வைக்கிறேன். அவர் குடிப்பதில்லை, ஆறினபிறகு நானேதான் குடிக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நானும் அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், நான் வெளியே வரக் கதவில் கை வைக்கும் முன்னால், வெளியே 'ணங்' என்று கேட்கும். இவருக்குக் கேட்பதில்லை. பயந்த காது, அப்படித்தான் கேட்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் பாலக்காட்டுக்குக் கிழக்கே சிற்றூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி தங்க வந்தார்கள். எங்கள் கதை எதுவும் அவர்களுக்குத் தெரியாது, அதுவரை நாங்கள் யாரிடமும் சொன்னதும் இல்லை. அந்தப் பெண் சவுனாவில் இருந்துவிட்டு முகமெல்லாம் சிவந்து அடுக்களைக்கு வந்தாள்.

"ஏனுங்க்கா, நான் தள்றதுக்குள்ளயே வெளியிருந்து யாரோ கொண்டிய எடுத்து உட்டாங்க. உங்க ஊட்டுக்காரருங்களா? பாவம், ரொம்ப இருமறாருங்க. ஏதாச்சும் மருந்து வாங்கிக் குடுங்க."

வீட்டுக்காரர் அன்று காலையிலேயே கட்டப்பனை போயிருந்தார். அந்தக் கதவில் கொண்டியும் கிடையாது.

"குடுக்கேம்மா" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஆனாலும் கட்டன் போட்டு, நாலு மிளகைத் தட்டிப் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.