சேற்றில் கிடந்த கறிப்பலகை

ஆட்டுக்கறி வெட்டி முடித்த புளியம்பலகையில் கல்லுப்பை அள்ளிப் போட்டு, பிழிந்த எலுமிச்சை மூடியால் எங்கள் உம்மா அழுத்தித் தேய்க்கும்போது ஒரு வாசனை எழும். கவிச்சியும் புளிப்பும் மரத்தின் ஈரமும் கலந்த அந்த வாசனைதான் எனக்குக் குற்றாலம், அருவியல்ல.

எங்களுக்குத் தென்காசி. ஐம்பதுகளின் கடைசியில், ஆண்டுதோறும் சாரல் தொடங்கியதும் வாப்பா குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, குளிக்க வருகிறவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுப்பார். அவர் கொடுப்பார் என்றுதான் ஊரில் சொல்வார்கள். விடியுமுன் அடுப்பு மூட்டி இருட்டும்வரை அதன் முன்னால் வெந்தவள் உம்மா.

அந்தப் பலகை, செங்கோட்டையில் மரம் அறுக்கும் வேலை பார்த்த மாமா தன் தங்கையின் கல்யாணத்துக்கு இழைத்துக் கொடுத்தது. வேலை முடிந்ததும் உம்மா அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, உப்பிட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றித் துணியால் ஒற்றியெடுத்து, அனல் படாத சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்துவைப்பாள். வெயிலில் வைத்தால் பிளந்துவிடும் என்று பயப்படுவாள். வெள்ளிக்கிழமைகளில் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி இரண்டு பக்கமும் பூசுவாள். சாரலில் சுவர், துணி, செருப்பு எல்லாவற்றிலும் 'பூசணம்' பிடிக்கும். அந்தப் பலகையில் மட்டும் பிடித்ததில்லை.

"ஈரத்தோட படுக்கப் போடாதட்டி. நாலு பேரு வயித்துக்குப் போற சாமான்" என்பாள்.

ஒரு வருஷம் சாரல் விடாமல் அடித்துக் குளியலறை வாசல் சேறாகிவிட்டது. தங்கியிருந்த அரிசி ஆலை முதலாளி ஒருவர், காலில் சேறு படுகிறதென்று முகம் சுளித்தார். உம்மா தொழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து வாப்பா அடுப்படிக்குள் வந்தார். பலகையைத் தூக்கிப்போய், மிதித்து நடக்கச் சேற்றில் போட்டார். ஆடாமலிருக்க அடியில் ஒரு கட்டையை வைத்து ஆணியும் அறைந்தார்.

தொழுது முடித்து வந்தவளிடம் நான்தான் சொன்னேன். "எடுத்துத் தரச் சொல்லுட்டி" என்று உம்மா என்னை அனுப்பினாள். "அட, போட்டி அங்க! ஒரு மரத்துண்டுக்குப் போயி" என்று வாப்பா முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்நிய ஆண்கள் முன்னால் வராத உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். செருப்புக்காலோடு பலகைமேல் நின்றிருந்த முதலாளியிடம், "காலை எடுங்க அண்ணாச்சி. நீங்க திங்கிற கறிய அதுலதான் வெட்டுதேன்" என்றாள். அவர் பதறிப்போய்ச் சேற்றில் இறங்கினார். உம்மா பலகையைப் பிடித்து இழுத்தாள். ஆணி அடித்த இடத்தில் அது நீளவாக்கில் பிளந்து இரண்டாக வந்தது.

"எம் மானத்த வாங்கிட்டியேட்டி!" என்று வாப்பா கத்தினார்.

அன்று மத்தியானம் அடுப்பு எரியவில்லை. வாப்பா கடைவீதிக்கு ஓடி, புரோட்டா வாங்கிவந்து விருந்தாளிகளுக்குப் போட்டார். உம்மா பெரிய துண்டைச் சுரண்டிக் கழுவி நிழலில் ஆறவிட்டு, மறுநாள் அதிலேயே கறி வெட்டினாள். "இனி அடுப்படிக்குள்ள நீங்க வரப்படாது" என்று மட்டும் வாப்பாவிடம் சொன்னாள். அவர் வரவில்லை, செய்தது தப்பு என்று சாகும்வரை ஒப்புக்கொள்ளவும் இல்லை. மாறாக, "ஒரு பலகைக்காக முதலாளியச் சேத்துல எறக்குனவ எம் பொஞ்சாதி" என்று போகிற இடமெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களுக்கும் கதவுக்குப் பின்னாலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள் உம்மா. எனக்கு அப்போதும் பற்றிக்கொண்டு வந்தது, இப்போதும் வருகிறது.

இருவரும் இன்று இல்லை. அந்த வீடும் இல்லை. அடுப்படி இருந்த இடத்தில் யாரோ கட்டிய லாட்ஜின் கார்கள் நிற்கின்றன. போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டப வாசலில், சின்ன வயதில் தன் தகப்பனாரோடு சாரலுக்குச் சாரல் எங்களிடம் வந்து தங்கிய ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஒங்க வாப்பா கைச்சோறு மாதிரி வராதும்மா. அந்தக் கறியாணம் இன்னும் நாக்குல நிக்குது" என்றார்.

"வாப்பா ஒருநாளும் சோறு பொங்குனதில்ல. பொங்குனது எங்க உம்மா" என்றேன்.

"அப்படியா?" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவுக பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"மைதீன் பாத்து" என்றேன், மண்டப வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி.