காலி என்று சொன்ன பள்ளிக்கூடத்தில் ஓர் இருமல்

என்னை முதலில் சந்தேகப்பட்டவர் எங்கள் வீட்டுக்கார அண்ணன். அறந்தாங்கியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெருவில், அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். என் கணவர் வளைகுடாவில் இருந்தார். அண்ணனும் அங்கே பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர்தான். அரபி நன்றாகப் புரியும். மேல்தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்க வரும்போதெல்லாம் என் ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும். அப்போது அவர் காதில் விழுந்தவை இந்த மாதிரிக் கேள்விகள்: எத்தனை குடும்பம் வந்திருக்கிறது, எந்த வழியாக வந்தார்கள், துப்பாக்கிக்காரர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் இதையே கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நான் நர்ஸ். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தேன். அங்கே துப்புரவு வேலை செய்தவர்களும், வார்டுக்கு வந்த தாய்மார்களில் பாதிப் பேரும் ஒரே நாட்டுக்காரர்கள். அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களோடு பேசிப் பேசி அவர்களுடைய அரபி எனக்குப் படிந்துவிட்டது. நான் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று அந்தப் பேச்சுத் தெரிந்தவர்களைத் தேடியது. கூட வேலை பார்த்த தோழி என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

வேலை இதுதான். சண்டை நடக்கும் இடங்களுக்கு நிறுவனத்து ஆட்களால் போக முடியாது. அதனால் அங்கே இருக்கும் சிலரோடு நாங்கள் போனில் பேசுவோம். ஒரு டீச்சர், ஒரு மருந்துக்கடைக்காரர், தண்ணீர் லாரிக்காரர் என்று ஊர் நிலவரம் தெரிந்தவர்கள். எந்த ஊரை விட்டு எத்தனை பேர் கிளம்பினார்கள், எங்கே போய்த் தங்கியிருக்கிறார்கள், என்ன தேவை என்று அவர்களிடம் கேட்டு அனுப்புவேன். அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகும். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் மாவும் எண்ணெயும் கூடாரத் துணியும் போகும். இதற்கென்று நிறுவனமே ஒரு போன் கொடுத்திருந்தது. அந்த எண் ஆபீசுக்கும், நான் பேசுகிறவர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

பயிற்சியில் முதல் பாடமே, ஒருவர் சொல்வதை அப்படியே நம்பாதே என்பதுதான். ஆட்களைக் கூட்டிச் சொல்வார்கள், உதவி கூட வரும் என்பதற்காக. அதனால் இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வார்டில் நான் அப்படி இருந்ததில்லை. வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் வலிக்கிறது, அவ்வளவுதான். இந்த வேலைக்கு வந்த பிறகு, வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் மெல்ல வந்துவிட்டது. மீன் வாங்கப் போனால்கூட மீன்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் வாராவாரம் பேசியவர்களில் ஒரு தலைமை ஆசிரியை இருந்தார். வயது என்னைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அவருடைய பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம் என்று தங்கியிருந்தார்கள். கறாரான குரல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், கூட ஒரு வார்த்தை வராது. ஒரு வாரம் அவர் சொன்னார், எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் காலி என்று.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை இருமியது. பெரிய பாத்திரத்தில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ அந்தக் குழந்தையை உஸ்ஸென்று அடக்கினார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டேன். கிழக்கே, என்றார். எந்த ஊர் என்றேன். தெரியாது என்று போனை வைத்துவிட்டார்.

இருப்பதை இல்லை என்று சொல்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. போன் வேறு யார் கையிலாவது சிக்கிவிட்டதா? பக்கத்தில் யாராவது துப்பாக்கியோடு நின்று சொல்ல வைக்கிறார்களா? வந்த மாவை விற்றுவிட்டுக் கதையை முடிக்கப் பார்க்கிறாரா? மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் வேறொரு நகரத்தில் இருந்தார், தமிழர்தான். அவருக்கும் கடைசிச் சந்தேகம்தான் வலுவாக இருந்தது. அந்தம்மாவிடமிருந்து பள்ளிக்கூடத்தின் போட்டோவும், போனிலிருந்து லொகேஷனும் வாங்கி அனுப்பச் சொன்னார்.

அந்த வாரத்தில்தான் மப்டியில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் டீக்கடையில் பேசியது எங்கெங்கோ சுற்றி அவரிடம் போயிருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். அண்ணனும், அவர் மனைவியான அக்காவும் என்னைப் பார்க்காமல் வாசலில் நின்றார்கள். நான் வேலை ஆர்டரைக் காட்டினேன், செய்கிற வேலையை விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"சரிங்கம்மா. சண்டைக்குப் பயந்து ஓடுன சனங்க எங்கன ஒளிஞ்சிருக்காங்கன்னு நீங்க கேட்டு அனுப்புறீங்க. அத யாரெல்லாம் பாப்பாங்க?"

எங்கள் நிறுவனம் பார்க்கும், உதவி செய்கிற மற்ற நிறுவனங்கள் பார்க்கும் என்றேன்.

"அவங்க யாருக்குக் குடுப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவர் ஆர்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அக்கா படியேறி வந்து, தப்பா நினைச்சுக்காதீங்க என்றார். நான் எதையும் தப்பாக நினைக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தது வேறு.

அடுத்த முறை பள்ளிக்கூடத்து டீச்சரைக் கூப்பிட்டபோது போட்டோவும் லொகேஷனும் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் அவர் குரல் மாறியது. அவர் அரபியில் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

"மொதல்ல நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க."

இந்தியாவில் ஒரு சின்ன ஊரில் என்றேன். அதை நான் எப்படி நம்புவது என்றார். நான் படம் அனுப்பினால் அங்கே திறக்காது, அன்றைக்கு அவ்வளவு மோசமான சிக்னல். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்த் தெருப்பக்கம் நீட்டினேன். பேராவூரணி, பட்டுக்கோட்டை என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அது என்ன பாஷை என்றார். சொன்னேன். உங்கள் பேச்சில் எங்கள் ஊர்ப் பெண்களின் வாடை எப்படி வந்தது என்றார். குழந்தைகள் வார்டைப் பற்றிச் சொன்னேன்.

அதன் பிறகு அவரே கேட்டார்.

"நீங்க நர்ஸுன்னா சொல்லுங்க. ரெண்டு வயசுப் பையன். இருமல் நிக்கவே இல்ல. மூச்சு வேகமா வாங்குது. என்ன செய்யணும்?"

பள்ளிக்கூடம் காலி என்று சொன்னவர் இப்படிக் கேட்டார் என்றால், இல்லையென்ற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை என் கையில் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியாமல் இல்லை. நான் வேறு எதையும் கேட்கவில்லை. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பால் குடிக்கிறானா, கூப்பிட்டால் பார்க்கிறானா என்று கேட்டேன். குழி விழுகிறது, கொஞ்சமாகக் குடிக்கிறான் என்றார். சாய்த்து உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள், ஆனால் இது மருந்தில்லாமல் அடங்காது, உடனே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றேன். பக்கத்துச் சந்தை ஊரில் எனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் பெயரைச் சொன்னதும், அவர் நம்பகமானவரா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? குரலாகத்தான் அவரையும் தெரியும். அதைச் சொன்னேன்.

அப்போதுதான் நடந்ததைச் சொன்னார். முன்பு ஒருமுறை அவர் ஆட்களின் கணக்கைச் சொன்ன பிறகு மாவு வந்தது. மாவு வந்த சில நாளில் துப்பாக்கிக்காரர்களும் வந்தார்கள். மாவை எடுத்துக்கொண்டார்கள். பெரிய வகுப்பறையில் தங்கியிருந்த இளவட்டங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் அவர்கள் திரும்பவில்லை.

"லாரியப் பாத்து வந்தாங்களோ, ஊர்ல யாரும் சொன்னாங்களோ, ஒங்க மேப்பப் பாத்து வந்தாங்களோ. நீங்கதான்னு சொல்லல. நீங்க இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

நான் மேலதிகாரியைக் கூப்பிட்டு, இடங்களின் சரியான லொகேஷனை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். வெளியிடும் வரைபடத்தில் மாவட்டம் மட்டும்தான் இருக்கும், சரியான இடம் கூட்டாளி நிறுவனங்களுக்கு மட்டும்தான் போகும் என்றார். அவர்களிடமிருந்து யாருக்குப் போகும் என்றேன். எல்லாரும் நம்பிக்கையான ஆட்கள்தான் என்றார். போலீஸ்காரரிடம் நான் சொன்னதைவிட அது ஒன்றும் கூடுதலான பதிலாக இல்லை. பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் இவ்வளவு கேக்குறீங்க? அந்தம்மா ஒங்களுக்கு வேண்டியவங்களா?"

அன்றிலிருந்து என் அழைப்புகளை இன்னொருவர் கேட்டுச் சரிபார்க்க ஆரம்பித்தார். வழக்கமான நடைமுறைதான் என்றார்கள். அதையும் நான் நம்பவில்லை.

யோசித்து, அந்த வார அறிக்கையில் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். காலி என்று டீச்சர் சொல்கிறார், ஆட்கள் இருக்கும் சத்தம் கேட்டது, உதவி வந்த பிறகு ஆயுதக்காரர்கள் வந்து ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறார்கள், அதனால் இந்த இடத்தை எந்த வரைபடத்திலும் காட்டக் கூடாது. மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம், சந்தை ஊருக்கு அனுப்பினால் தேவைப்பட்டவர்கள் ஒருவர் இருவராக வந்து வாங்கிக்கொள்வார்கள் என்றும் எழுதினேன். மேலதிகாரி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்களே இல்லாத இடத்துக்கு ஆபத்து என்று எப்படி எழுதுவது என்று வாதாடினார். கடைசியில் மேலிடத்தில் யாரோ படித்துப் பார்த்துப் புள்ளியை எடுக்கவும், மாவைச் சந்தை ஊரில் கொடுக்கவும் சொன்னார்கள். யார் என்று எனக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு டீச்சரின் போன் அணைந்தே கிடந்தது. நான் செய்தது சரியா என்று தெரியாமல் திண்டாடினேன். சந்தைக்கு வர முடியாமல் அங்கே ஆட்கள் பட்டினி கிடந்தால் அதற்கு நான்தான் காரணம். கணவர் போனில், இந்த வேலையை விட்டுவிட்டு இங்கே ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர் என்றார். அண்ணன் தொட்டியைப் பார்க்க மேலே வருவதையே நிறுத்திவிட்டார். தண்ணீர் நிரம்பி வழிந்து சுவரெல்லாம் ஈரமானாலும் கீழே இருந்தபடியேதான் கத்துவார்.

சில வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் பேசும்போது ஒன்று சொன்னார். சந்தையில் மாவு கொடுக்கும் இடத்துக்கு முன்பின் பார்க்காத பெண்கள் வருகிறார்கள், ஊர் கேட்டால் சொல்வதில்லை, வந்த வழியே திரும்பாமல் வேறு வழியாகப் போகிறார்கள். அவர்கள் மேல் தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். அவர்களில் ஒருத்தி இருமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர்கள் யாராக இருந்தாலும் மாவு கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம் புதிய எண்ணிலிருந்து டீச்சரே கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு எல்லாரும் உண்மையாகவே கிளம்பிவிட்டார்கள் என்றார். பையன் பிழைத்துக்கொண்டான், இப்போது தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்கிறான் என்று சொல்லும்போது அந்தக் கறாரான குரலில் முதல்முறையாகச் சிரிப்பைக் கேட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அந்த நாட்டு எண் ஒன்றிலிருந்து ஆண் குரல் ஒன்று வந்தது. இனிமையாகப் பேசியது. நான் அந்த டீச்சரின் தம்பி, அக்காவைத் தேடி அலைகிறேன், அம்மா அழுதபடி இருக்கிறார், அக்கா எங்கே இருக்கிறார் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும் என்றது. உண்மையான தம்பியாக இருந்தால்? அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது என்றேன். அது பொய்யில்லை. பள்ளிக்கூடம் காலியான பிறகு எப்போது பேசினீர்கள், எந்த எண்ணில் என்று குரல் துருவியது. உங்கள் எண்ணைக் கொடுங்கள், பேசினால் சொல்கிறேன் என்றேன். இதே எண்தான் என்று வைத்துவிட்டான்.

அடுத்து டீச்சர் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னேன். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவன் மதரஸாங்கிற வார்த்தையச் சொன்னானா? அதுல இருக்குற ர-வ எப்புடிச் சொன்னான்?"

பள்ளிக்கூடத்துக்கு அரபியில் மதரஸா. தெளிவாகத்தான் சொன்னான், ஏன் என்றேன்.

"எந்தம்பிக்கு ர வராது," என்றார். "அவன் செத்து ரெண்டு வருசமாச்சு. இருந்தாலும் ஒரு நப்பாசைல கேட்டேன்."

இனி இந்த எண் இருக்காது, என்னைத் தேட வேண்டாம் என்று சொல்லி, நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அன்றே ஆபீசுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆளுக்கு என் எண் எப்படிக் கிடைத்தது என்று விசாரிப்பதாகச் சொல்லி எனக்கு வேறு எண் கொடுத்தார்கள். விசாரித்தார்களா, யாரிடமிருந்து போனது என்று தெரிந்ததா, எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. மருந்துக்கடைக்காரரா, டீச்சரின் பழைய போனா, எங்கள் ஆபீசிலேயே யாராவதா என்று இன்றைக்கும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன்.

வேலையை நான் விடவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் சொல்வதில்லை.